உங்களுக்குத் தெரியுமா? ஷியா வெண்ணெயின் கடல் கடந்த கூட்டணி

லிப் பாமிலும் லோஷனிலும் சேரும் ஷியா வெண்ணெய், மேற்கே செனகல் முதல் கிழக்கே உகாண்டா வரை புல்வெளிகளில் தானாக வளரும் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து கிடைக்கிறது.

அதை எடுப்பது பெரும்பாலும் பெண்கள். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டைகளை வேகவைத்து உலர்த்தி, ஓட்டை உடைத்துப் பருப்பை வறுத்து அரைக்கிறார்கள். பழுப்பு நிற விழுதில் தண்ணீர் விட்டுக் கையாலேயே அடித்துப் பிசைந்தால், கொழுப்பு வெளுத்து நுரைபோல மேலே திரளும். அதைக் காய்ச்சி வடிகட்டினால் வெண்ணெய் தயார்.

தனியாக விற்கும் பெண்ணுக்குத் தரகர் சொல்வதுதான் விலை. சங்கமாகச் சேர்ந்தால் வெளிநாட்டு நிறுவனத்தோடு நேரடியாகவே பேசலாம். 1976-இல் பிரிட்டனின் பிரைட்டன் நகரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய ‘தி பாடி ஷாப்’, வடகானாவின் துங்தெய்யா மகளிர் சங்கத்திடம் 1994 முதல் ஷியா வெண்ணெய் வாங்கத் தொடங்கியது.

2011-இல் குளோபல் ஷியா அலையன்ஸ் உருவானது. கானா தலைநகர் அக்ராவில் இயங்கும் இந்த அமைப்பில் கிராமத்துப் பெண்கள் குழுக்களும் சிறு வணிகர்களும் பன்னாட்டு அழகுசாதன நிறுவனங்களும் உறுப்பினர்கள். பெண்கள் குழுக்களுக்குக் கிடங்குகள் கட்டித்தருவதும் இதன் பணி. சேமித்து வைக்க இடம் இருந்தால், அறுவடைக் காலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை.