எல்லைப்புறத் தமிழரும் அயல்நாட்டு வேலையும்: பட்டச் சான்றிதழுக்குச் சான்றொப்பம் பெறுதல்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவாங்கூரைச் சேர்ந்திருந்த ஏலமலைப் பகுதியும் கேரளத்தில் அடங்கின. எல்லைக்கோடு வரையப்பட்டது, ஆனால் மக்களின் போக்குவரத்து நிற்கவில்லை. பள்ளிப் படிப்பை மூணாறிலோ வண்டிப்பெரியாற்றிலோ முடிக்கும் மாணவர், பட்டப்படிப்புக்குப் போடி, உத்தமபாளையம், மதுரை என்று மலையிறங்குவது வழக்கம். சித்தூர்ப் பகுதி மாணவருக்குப் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் அருகில் உள்ளன.

இந்த வழக்கத்தால், ஒரே மாணவரின் கல்விச் சான்றிதழ்கள் இரண்டு மாநிலங்களில் பிறக்கின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருவனந்தபுரத்திலுள்ள பரீட்சா பவன் வழங்குகிறது. பட்டத்தை 1966 இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகமோ (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்), 1982 இல் அமைந்த பாரதியார் பல்கலைக்கழகமோ வழங்குகிறது. உள்நாட்டில் வேலை தேடும்வரை இதனால் இடையூறு ஏதுமில்லை. அயல்நாட்டில் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இரட்டைப் பிறப்பின் விளைவு தெரிகிறது.

சான்றொப்பம் என்பது யாது?

அயல்நாட்டு அரசு ஒன்று நம் பட்டச் சான்றிதழைப் பார்க்கும்போது, அதில் கையொப்பமிட்ட பதிவாளர் யார், அந்த முத்திரை உண்மையானதா என்பதை அறிய அதற்கு வழியில்லை. ஆகவே ஒரு சங்கிலி உருவாக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கையொப்பத்தை மாநில அரசு அறியும். மாநில அரசு அதிகாரியின் கையொப்பத்தை மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் அறியும். அமைச்சகத்தின் கையொப்பத்தை அயல்நாட்டுத் தூதரகம் அறியும். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் ஒப்பமிட்டவரை மட்டுமே உறுதி செய்கின்றனர். மாதிரிக் கையொப்பங்கள் முன்கூட்டியே அனுப்பப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. நடுவில் ஒரு கண்ணி விடுபட்டால், அடுத்த அலுவலர் தமக்குத் தெரியாத கையொப்பத்தை ஏற்க மறுப்பார். அது அவருடைய பிடிவாதமன்று. முறையின் இயல்பே அது.

இச்சங்கிலியைச் சுருக்கும் நோக்கத்துடன் 1961 அக்டோபர் 5 ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இதன்படி உறுப்பு நாடு ஒவ்வொன்றும் ஓர் அதிகாரியை நியமித்து, பத்து விவரங்கள் கொண்ட ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே வகைச் சான்றை இணைக்கும். அதன்பின் தூதரகத்தின் ஒப்பம் தேவையில்லை. இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வுடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. வழங்கும் அதிகாரம் வெளியுறவு அமைச்சகத்தினுடையது. ஒன்றை இங்கே அழுத்திக் கூற வேண்டும். அப்போஸ்டில் உறுதி செய்வது கையொப்பம், கையொப்பமிட்டவரின் பதவி, முத்திரை ஆகியவற்றை மட்டுமே. பட்டத்தின் தரத்தையோ, அது வேலைக்கு ஏற்றதா என்பதையோ அது கூறுவதில்லை. அஞ்சல்வழிக் கல்வியில் பெற்ற பட்டம் முழு முத்திரைகளுடன் சென்ற பிறகும் சில நாடுகளில் ஏற்கப்படாமல் போவதன் காரணம் இதுவே.

வளைகுடா நாடுகள் இப்போது இரு பிரிவாக நிற்கின்றன. ஓமன் 2012 முதலும், பஹ்ரைன் 2013 இன் இறுதி முதலும், சவூதி அரேபியா 2022 டிசம்பர் 7 முதலும் உடன்படிக்கையில் உள்ளன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை அதில் சேரவில்லை. அங்குச் செல்லும் ஆவணத்துக்குத் தூதரக ஒப்பமும், சென்று சேர்ந்தபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பமும் வேண்டும். நம்மவர் பலர் வேலை தேடும் சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 16 முதல் உறுப்பு நாடாகும். பழைய நடைமுறையைக் கேட்டறிந்து வைத்திருப்போர் புதிய நிலையைச் சரிபார்த்துக் கொள்வது நன்று.

எல்லைப்புறத்தாரின் தனிச் சிக்கல்

சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ, அந்த மாநில அரசே அதற்கு ஒப்பமிட வேண்டும் என்பது பொது விதி. விண்ணப்பதாரர் எங்கே வசிக்கிறார், எந்த மாநிலத்தில் வாக்காளர் என்பவை கணக்கில் வாரா. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தேவிகுளம் வட்டத்துத் தோட்டத் தொழிலாளியின் மகள், மதுரையில் பட்டம் பெற்று, கணவருடன் துபாய் சென்று, அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியப் பணிக்குத் தேர்வாகிறாள் எனலாம். பள்ளி நிர்வாகம் சான்றொப்பமிட்ட பட்டத்தைக் குறித்த நாளுக்குள் கேட்கிறது. மூலச் சான்றிதழ் அவளிடம் துபாயில் இருக்கிறது. அது கூரியரில் மூணாறுக்கு வர வேண்டும். தந்தை அதைச் சென்னைத் தலைமைச் செயலகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழும் கேட்கப்பட்டால், அதனுடன் எதிர்த் திசையில் எர்ணாகுளம் செல்ல வேண்டும். மூணாறிலிருந்து எர்ணாகுளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வொரு பயணமும் கூலி இழப்பாகும். வேலை கைகூடுமா, நழுவுமா என்பதை இந்தப் பயணங்களே முடிவு செய்துவிடுகின்றன.

கேரளத்தில் வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு வழி ஓரளவு செப்பனிடப்பட்டுள்ளது. 1996 இல் அம்மாநில அரசு வெளிநாடுவாழ் கேரளியர் நலத்துறையை அமைத்தது; அதன் செயல் அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் 2002 இல் உருவானது. திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய நகரங்களில் அதன் சான்றுறுதி மையங்கள் இயங்குகின்றன. விண்ணப்பதாரர் அயல்நாட்டில் இருந்தால், அதிகாரக் கடிதமும் கடவுச்சீட்டின் நகலும் கொண்டு நெருங்கிய உறவினர் செல்லலாம். பாலக்காட்டிலோ இடுக்கியிலோ இத்தகைய நிலையான மையம் ஒன்று அமைந்து, தமிழ்நாட்டுப் பட்டங்களையும் பெற்றுச் சென்னைக்கு அனுப்பும் ஏற்பாட்டை இரு மாநிலங்களும் செய்துகொண்டால், எல்லைப்புறக் குடும்பங்களின் அலைச்சல் பாதியாகக் குறையும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரே அலுவலர் இரு மாநிலத்துக்கும் ஒப்பமிட வேண்டியதில்லை. தபாற்பை ஒன்று போய்வந்தால் போதும்.

பெயரில் விளையும் இடையூறு

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு முத்திரைக் குறைவைவிடப் பெயர் வேறுபாடே பெரிதும் காரணமாகிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். கடவுச்சீட்டிலோ அந்த எழுத்து விரிவாகிக் குடும்பப் பெயரின் இடத்தில் அமர்கிறது. இதனுடன் இங்கே மலையாள எழுத்துமுறையும் சேருகிறது. ‘தங்கராஜ்’ என்ற பெயரைக் கேரளத்துப் பள்ளிப் பதிவேடு மலையாள வழக்கையொட்டி ஆங்கிலத்தில் ‘கே’ என்ற எழுத்திட்டு எழுதும். தமிழ்நாட்டுக் கல்லூரி ‘ஜி’ என்ற எழுத்திட்டு எழுதும். உச்சரிப்பு ஒன்றே, அயல்நாட்டு அலுவலருக்கோ இருவர் தோன்றுகின்றனர். கல்லூரியில் சேரும் நாளிலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளை அப்படியே பின்பற்றச் செய்வது ஆசிரியர்கள் செய்யக்கூடிய உதவி. பட்டம் பெற்றபின் திருத்துவது நெடுநாள் வேலை.

மற்றொன்று, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடும் பழக்கம். மழையும் பனியும் மிகுந்த மலைப்பகுதியில் லயத்து வீடுகளில் காகிதத்தைக் காக்க இவ்வாறு செய்வது இயல்பே. ஆனால் ஒப்பமும் முத்திரையும் சான்றிதழின் பின்புறத்தில் இடப்படுபவை. ஒட்டிய உறையின்மேல் அவை பதியா. உறையை உரித்தால் தாள் கிழியும். திறந்து மூடும் உறையே போதுமானது.

2018 ஆகஸ்டுப் பெருமழையில் சான்றிதழ்களையே இழந்தோரும் உண்டு. மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம்கூட அப்போது நிலச்சரிவுக்கு உள்ளாயிற்று. அத்தகையோர் முதலில் வழங்கிய நிறுவனத்திடம் மறுபிரதி பெற்று, அதற்கே சான்றொப்பம் கோர வேண்டும். பழைய ஒளிநகல் பயன்படாது.

மத்திய அரசின் கட்டம்

மாநில ஒப்பம் கிடைத்தபின் வேலை எளிது. வெளியுறவு அமைச்சகம் 2019 முதல் சென்னை, கொச்சி உள்ளிட்ட பல நகரங்களிலும் இப்பணியைப் பரவலாக்கியுள்ளது. புதுடில்லி செல்லத் தேவையில்லை. அமைச்சகம் அமர்த்தியுள்ள சேவை நிறுவனங்கள் வழியாக ஆவணங்கள் பெறப்படுகின்றன. அப்போஸ்டிலுக்கு அரசு பெறுவது ஆவணத்துக்கு 50 ரூபாயே. சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்கள், அரசுக் கட்டணம் எவ்வளவு என்பதை வாய்திறந்து சொல்வதில்லை. அமீரகத்துக்குரிய தூதரக ஒப்பத்தின் பொருட்டு, 2016 இல் திருவனந்தபுரத்தில் திறக்கப்பட்ட அந்நாட்டுத் துணைத் தூதரகம் தென்னாட்டவருக்கு அணித்தாக உள்ளது.

2017 மே மாதம் தொடங்கப்பெற்ற ‘இ-சனத்’ திட்டம், அயல்நாட்டில் இருந்தபடியே கணினி வழியாக விண்ணப்பிக்க வகை செய்கிறது. வழங்கிய நிறுவனத்தின் பதிவேடு மின்வடிவில் அத்திட்டத்துடன் இணைந்திருந்தால், மூலச் சான்றிதழைக் கடல் கடந்து அனுப்பும் இடர் நீங்கும். ஆகவே துபாயிலுள்ள அந்த ஆசிரியை கூரியர் அலுவலகம் செல்லுமுன், தம் பல்கலைக்கழகம் இத்திட்டத்தில் சேர்ந்துள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சேரவில்லையெனில், மூலச் சான்றிதழ், கடவுச்சீட்டின் நகல், தந்தையின் பெயருக்கு எழுதிய அதிகாரக் கடிதம் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் அனுப்புவது, இரண்டாம் முறை கூரியருக்குக் காத்திருக்கும் நாட்களை மிச்சப்படுத்தும்.