ஆற்றங்கரைத் தேநீர்ச்சாலையும் ஆட்சேபணைக் கடிதங்களும்

இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக் பகுதியில், நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் உள்ள கிராமத்து ஆற்றங்கரையில் தேநீர்ச்சாலை ஒன்று அமைப்பதற்கு விண்ணப்பம் செய்யப்பட்டிருக்கிறது. இதைப்பற்றி இவ்விதழில் எழுதப்போகிறேன் என்றபோது லண்டனிலுள்ள நண்பர் சிரித்தார். "எத்தனையோ பிரச்சினை கிடக்க வெள்ளைக்காரன் தேத்தண்ணி குடிக்கிற இடத்தைப் பற்றியோ எழுதப்போறீர்?" என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொதுவெளி பற்றி ஹபர்மாஸ் சொன்னதை மணிக்கணக்கில் விவாதிக்கும் எம்மில் எத்தனை பேருக்கு, நாம் குடியிருக்கும் தெருவின் மூலையில் ஒரு கட்டடம் எழும்பலாமா கூடாதா என்பதை யார், எந்த விதிப்படி தீர்மானிக்கிறார்கள் என்று தெரியும்? ஹபர்மாஸே தனது வாதத்தை 18ஆம் நூற்றாண்டு லண்டன் கோப்பிக் கடைகளில் இருந்துதான் கட்டியெழுப்பினார். ஆகவே தேநீர்க்கடையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

முதலில் இடம். புறோட்ஸ் என்று அழைக்கப்படும் இந்த நீர்நிலைகள், ஆறுகளும் அவற்றோடு தொடுக்கப்பட்ட ஆழமற்ற ஏரிகளுமாக நோர்போக்கிலும் சபோக்கிலும் பரந்து கிடக்கின்றன. படகு செல்லக்கூடிய நீர்வழி மட்டும் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கோடை விடுமுறையில் வாடகைப் படகுகள் வரிசையாகப் போகும். வெள்ளைப் பிளாஸ்ரிக் படகுகளில் நாய், பிள்ளைகள், பியர்ப் போத்தல் சகிதம் குடும்பங்கள் மிதந்துகொண்டிருப்பார்கள். இதை இயற்கை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நீண்டகாலமாக அறிஞர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1950களில் ஜோய்ஸ் லாம்பேர்ட் என்ற தாவரவியலாளர் நிலத்தில் துளையிட்டு மண் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, ஏரிகளின் பக்கங்கள் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டார். இவை மனிதர் தோண்டிய குழிகள். மத்திய காலத்தில் விறகு தட்டுப்பட்ட இந்தப் பிரதேசத்தில், பீற் எனும் சதுப்புநிலக் கரிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து எரித்தார்கள். நோர்விச் தேவாலயத் துறவிமடத்தின் பழைய கணக்கேடுகளில் இக்கட்டிகள் வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. கடல்மட்டம் உயர, 14ஆம் நூற்றாண்டில் குழிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெட்டியவர்கள் கைவிட்டுப் போனார்கள். கூலிகள் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிய சுரங்கம்தான் இன்று அஞ்சலட்டையில் வரும் அழகு. ஒரு காலத்தில் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விடயம் எனக்கு எப்போதும் உவப்பானது. 'பழைய அமைதி கெட்டுவிடும்' என்று எழுதுபவர்களுக்கு இதை ஞாபகப்படுத்த வேண்டும்போல் இருக்கிறது.

விண்ணப்பம் இதுதான். படகுகள் கட்டும் துறைக்கு அருகில் பாழடைந்த படகுக் கொட்டகை ஒன்று நிற்கிறது. அதைத் திருத்தி, முப்பது பேர் அமரக்கூடிய தேநீர்ச்சாலையாக்கி, முன்னால் மரத்தாலான திண்ணை போட்டு, பின்னால் பன்னிரண்டு கார்கள் நிறுத்த இடம் விட்டு, மலசலகூடமும் கட்ட வேண்டும். காலை பத்து மணி தொடக்கம் மாலை ஐந்து மணிவரை. இவ்வளவுதான். இதற்கு நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன, பெரும்பாலானவை எதிர்ப்பு.

இங்கே நிலம் வைத்திருப்பவர் தன் விருப்பப்படி கட்டிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டம் அந்த உரிமையை நிலவுடைமையாளரிடமிருந்து அரசின் கைக்கு மாற்றியது. அற்லியின் தொழிற்கட்சி அரசாங்கம் செய்தவற்றுள் மருத்துவ சேவையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நிலம் உங்களுடையது, ஆனால் நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் உரிமை சமூகத்துடையது என்பது சிறிய காரியமல்ல. மற்ற இடங்களில் உள்ளூர்க் கவுன்சில் தீர்மானிக்கும். புறோட்ஸ் பகுதியில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1989இல் இயங்கத் தொடங்கிய தனி அதிகாரசபை தீர்மானிக்கிறது. அறிவித்தலை அவ்விடத்திலேயே ஒட்டுவார்கள், அல்லது அயலவர்களுக்குக் கடிதம் போடுவார்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாட்கள். சிறிய விண்ணப்பமென்றால் எட்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கிராம சபையிடமும் கருத்துக் கேட்கப்படும். ஆனால் அது சொன்னபடி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

எம்மவர் கவனிக்க வேண்டியது, கருத்துச் சொல்ல யாருக்கு உரிமை என்பது. எவருக்கும் உண்டு. பிரசாவுரிமை வேண்டாம், வாக்குரிமை வேண்டாம், அந்தக் கிராமத்தில் வசிக்கவும் வேண்டாம். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவரும் எழுதலாம். எழுதியவரின் பெயர் பொதுவில் வெளியிடப்படும், அவ்வளவுதான். பெயர் வெளியே தெரிவதையிட்டு எங்களுக்கு இருக்கும் அச்சம் எங்கிருந்து வந்தது என்று இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் எதை எழுதினாலும் எடுபடாது. நிலப் பயன்பாட்டோடு தொடர்புடைய காரணங்களே கணக்கில் எடுக்கப்படும்: வீதிப் போக்குவரத்து, சத்தம், மணம், வெளிச்சம், வெள்ள அபாயம், கழிவுநீர், வனசீவராசிகள், சுற்றாடலின் தோற்றம். என் வீட்டு யன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும், என் வீட்டின் விலை குறையும், என் கடைக்கு வியாபாரம் கெடும் போன்றவை காரணங்கள் ஆகா. விண்ணப்பித்தவர் நல்லவரா கெட்டவரா என்பதும் ஆகாது. இதனால் கடிதங்களை வாசிப்பது ஒரு தனி இலக்கியப் பயிற்சி. வீட்டு விலையைப் பற்றிக் கவலைப்படுபவர் வண்ணத்துப்பூச்சியைப் பற்றி எழுதுகிறார். (சுவாலோரெயில் என்ற அந்த வண்ணத்துப்பூச்சி பிரித்தானியாவில் இங்கு மட்டுமே பெருகுகிறது, அதன் புழு மில்க் பார்ஸ்லி என்ற ஒரேயொரு சதுப்புச் செடியை நம்பி வாழ்கிறது. அது உண்மையான கவலைதான். ஆனால் அந்தச் செடி படகுத்துறைத் தாரில் முளைப்பதில்லை.) ஒரு கடிதத்தில் மட்டும் பேனை வழுக்கிவிட்டது: 'தேநீர்ச்சாலை வந்தால் இந்த இடத்துக்குப் பொருத்தமில்லாத ஆட்கள் பஸ்ஸில் வருவார்கள்' என்று எழுதியிருக்கிறது. பஸ்ஸில் வருபவர்களில் நானும் என் மனைவியும் அடக்கம்.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கழிவுநீர்தான் பெரிய பிரச்சினை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் புறோட்ஸ் ஏரிகள் கலங்கிப்போனதற்குக் காரணம், கழிவுநீரிலும் வயல் உரத்திலும் இருந்து சேர்ந்த பொசுபரசும் நைதரசனும். பாசி பெருகி வெளிச்சம் மறைய, அடியில் வளர்ந்த நீர்த்தாவரங்கள் அழிந்தன. அதைத் திருத்த இன்றும் பாடுபடுகிறார்கள். பொதுக் குழாய் இல்லாத இடத்தில் முப்பது பேருக்கான மலசலகூடமும் சமையலறை எண்ணெயும் எங்கே போகும் என்று கேட்பது சரியான கேள்வி. 2020 முதல் சாதாரண மலக்குழித் தொட்டியிலிருந்து நேரே ஆற்றுக்குள் விடுவது சட்டவிரோதம். சிறு சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது. 2020 செப்ரெம்பரில் கட்டடப் பயன்பாட்டு வகைகள் மாற்றியமைக்கப்பட்டன. தேநீர்ச்சாலை, கடை, அலுவலகம் எல்லாம் ஒரே வகைக்குள் வந்துவிட்டன. இன்று தேநீர்ச்சாலைக்கென அனுமதி பெற்றவர், நிபந்தனை போடாவிட்டால், சில வருடத்தில் அதைப் படகு விற்கும் முகவரின் அலுவலகமாக மாற்றலாம். புதிய அனுமதி தேவையில்லை. நாற்பது கடிதங்களில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

சட்டத்தில் இந்தப் பகுதிக்கென்று ஒரு விசித்திரமும் உண்டு. இங்கிலாந்தின் தேசியப் பூங்காக்களில் இயற்கைப் பாதுகாப்பும் மக்களின் பொழுதுபோக்கும் மோதும்போது பாதுகாப்புக்கே முதலிடம் என்பது 1995இல் சட்டமாகிய கோட்பாடு. புறோட்ஸுக்கு அது பொருந்தாது. பாதுகாப்பு, மக்கள் அனுபவிப்பது, படகோட்டம் ஆகிய மூன்றும் இங்கே சமம். ஆகவே ஒவ்வொரு முறையும் பேரம்தான். இந்த மோதல் பழையது. ஆதர் ரான்சம் 1934இல் எழுதிய சிறுவர் நாவலான 'கூட் கிளப்'பில், நீர்ப்பறவையின் கூட்டை மறித்து நிற்கும் மோட்டார்ப் படகின் கயிற்றை ஒரு பையன் அவிழ்த்துவிடுவதில்தான் கதையே தொடங்குகிறது.

இனி, தேநீர்ச்சாலை ஏன் தேவை என்பது. படகு வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. படகில் அடுப்பு உண்டு, கக்கூசும் உண்டு. கரையில் நடப்பவருக்கும் பஸ்ஸில் வருபவருக்கும் முதியவருக்கும் குழந்தையோடு வருபவருக்கும்தான் உட்கார இடமில்லை. இந்த நாட்டில் தேநீர்ச்சாலை பிறந்ததும் இப்படியொரு இடைவெளியில்தான். 1864இல் லண்டனில் ஏரேற்றட் பிறெட் கொம்பனி தன் முதலாவது தேநீர்க்கடையைத் திறந்தது. 1894இல் லயன்ஸ் பிக்கடில்லியில் தொடங்கியது. மதுக்கடைக்குள் தனியாகப் போகமுடியாத பெண்கள் ஆண்துணையின்றி அமரக் கிடைத்த இடம் அது. வாக்குரிமை கேட்ட பெண்கள் தேநீர்ச்சாலைகளிலே கூடிப் பேசினார்கள். ஹபர்மாஸின் கோப்பிக் கடையில் பெண்களுக்கு இருக்கை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எங்கள் கதை இன்னும் கடுமையானது. யாழ்ப்பாணத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைவதே போராட்டமாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வெளியே நிறுத்திப் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும் கொடுத்தார்கள். 1966 ஒக்ரோபர் 21 ஊர்வலமும், அதன் பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், அடிவாங்கியும் உயிர்கொடுத்தும்தான் பல கடைகளின் பெஞ்சுகள் பொதுவாயின. 'பொருத்தமில்லாத ஆட்கள்' என்ற சொற்றொடரை அந்தக் கடிதத்தில் வாசித்தபோது எனக்கு ஆங்கிலம் கேட்கவில்லை, தமிழ்தான் கேட்டது. என் நண்பர் இதற்கும் சிரிப்பாரா தெரியவில்லை.

ஊர் நிலைமையை ஒப்பிடாமலும் இருக்க முடியவில்லை. 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக் கடற்கரையில், போர் முடிந்தபின் இராணுவம் 'தல்செவன' என்ற உல்லாச விடுதியை நடத்தியது. அந்தப் பகுதிக் குடும்பங்கள் பல அப்போதும் நலன்புரி முகாம்களில் இருந்தன. 21 நாட்கள் தருகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்கப்படுவதன் பெறுமதி கேட்கப்படாதவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்காக இந்த முறையைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் ஆறு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்தால் எதிர்த்தவர்களுக்கு மேன்முறையீடு கிடையாது. ஆறு வாரத்துக்குள் உயர்நீதிமன்றம் போவதொன்றே வழி, அதற்குப் பணம் வேண்டும். கடிதம் எழுதுபவர்களும் ஓய்வூதியமும் நேரமும் நல்ல ஆங்கிலமும் உள்ளவர்களே. கோழி வெட்டிப் பொதிசெய்யும் எங்கள் தொழிற்சாலையில் போர்த்துக்கேயரும் லிதுவேனியரும் தமிழரும் ஞாயிறுகளில் அதே ஆற்றங்கரைக்குத்தான் போகிறோம். எங்கள் கடிதம் ஒன்றும் அந்தக் கோப்பில் இருக்கவில்லை.

இப்போது மூன்று இருக்கின்றன. நான் ஆதரித்து எழுதினேன், ஐந்து நிபந்தனைகளோடு: தேநீர்ச்சாலையாக மட்டுமே பயன்படுத்த வேண்டும், மலசலகூடம் வாங்காதவருக்கும் திறந்திருக்க வேண்டும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் விபரம் வேலை தொடங்குமுன் ஒப்படைக்கப்பட வேண்டும், ஒலிபெருக்கியும் ஆற்றுப்பக்க வெளிச்சமும் கூடாது, பன்னிரண்டு கார்களில் இரண்டைக் குறைத்து பஸ் தரிப்பிலிருந்து நடைபாதை போட வேண்டும். இரண்டாவது கடிதம் என் மனைவியுடையது. மூன்றாவது, என்னோடு ஒரே பட்டியில் நிற்கும் போர்த்துக்கேயப் பெண்ணுடையது. ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டார். நான் வெள்ளம், வீதி, வனசீவராசி என்று தொடங்க, நிறுத்திவிட்டார். தன் தாயைச் சக்கரநாற்காலியில் வைத்து அங்கே கூட்டிப்போவதாகவும், மலசலகூடம் இல்லாததால் ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடுவதாகவும் மட்டும் எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன். பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது முடிவு வந்திருக்கும்.