தாமிரம் தலைக்கேறினால்...

தூத்துக்குடியில் தாமிரம் என்று பேச்செடுத்தாலே தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 2018 மே 22-ம் தேதி நடந்த துப்பாக்கிச்சூடும் அதில் போன 13 உயிர்களும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது வேறு தாமிரம். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஏறத்தாழ 100 மில்லிகிராம் இருக்கிறது.

இந்தக் கடலில் குளித்தெடுக்கும் சங்குக்கும், வலையில் விழும் கணவாய், இறாலுக்கும் ஆக்சிஜனைச் சுமப்பது தாமிரம்தான். அதனால் அவற்றின் ரத்தம் நீலம் பாரிக்கும். சிவப்பு ரத்தக்காரர்களான நமக்குள்ளும் தாமிரம் ஏந்திய ஒரு நீலப் புரதம் ஓடுகிறது. பெயர் செருலோபிளாஸ்மின். 1948-ல் ஸ்வீடனின் ஹோம்பெர்க்கும் லாரலும் பிரித்தெடுத்தது. கல்லீரலில் மட்டுமல்ல, மூளையிலும் உருவாகி, இரும்பால் வரும் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கிறது. புரதத்தின் பிடியில் இருக்கும்வரை தாமிரம் காவல்காரன். பிடி தளர்ந்தால் அதுவே கொள்ளிக்கட்டை.

எஸ்.ஓ.டி.1 என்ற இன்னொரு தாமிரப் புரதத்தின் மரபணு பழுதானால் ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு வரலாம் என்று 1993-ல் தெரிந்தது. அதற்கான டோஃபெர்சென் மருந்துக்கு 2023-ல்தான் அமெரிக்கா அனுமதி தந்தது. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

தாமிரம் தேங்குவதால் வரும் வில்சன் நோய் அப்படியல்ல; மருந்தால் கட்டுப்படுத்தலாம். நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். 1912-ல் லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் விவரித்தார். ஏ.டி.பி.7பி மரபணு பழுதானால், மிச்சத் தாமிரத்தைக் கல்லீரலால் பித்தத்தில் வெளியேற்ற முடியாது. செருலோபிளாஸ்மினில் ஏற்றவும் முடியாது. அது கல்லீரலில் தேங்கி, வழிந்து, மூளைக்குப் போகிறது. காரணம் ஆலைப் புகையல்ல. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணு. அத்தை மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண்ணெடுக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும்.

நன்றாகப் படித்த பையனின் கையெழுத்து கோணலாகும். பேச்சு குழறும், எச்சில் வடியும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். "திமிரு" என்பார்கள், "காத்து கருப்பு" என்பார்கள். சிலருக்கு மஞ்சள் காமாலைதான் முதலில் வரும். கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தால், கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் தெரியலாம். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவும் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் பிடிபட்டுவிடும். பெங்களூரு நிம்ஹான்ஸ், முப்பதாண்டுகளில் தான் கண்ட 282 நோயாளிகளைப் பற்றி 2007-ல் விரிவாக எழுதியிருக்கிறது.

இதற்கான மருந்தான பெனிசிலமின் 1956-லேயே வந்துவிட்டது; துத்தநாக மாத்திரையும் உண்டு. பத்தியம்தான் நம்மவர்களுக்குக் கொஞ்சம் கொடுமை: ஈரல், நண்டு, மட்டி ஆகாது. முந்திரியும் ஆகாது என்பதால் தூத்துக்குடி மக்ரூனும் போச்சு! எல்லோரும் இப்போது தூக்கிக்கொண்டு அலையும் செம்பு பாட்டில் தண்ணீரும் இவர்களுக்குக் கூடாது.

உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் உறுதியானால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் அவர்களையும் அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள்.