ஒரே அப்பமும் பிரிந்த பந்தியும்

கொரிந்து நகர இறைமக்களுக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் நற்கருணையைக் குறித்துப் பேசும் புனித பவுல், ‘கொய்னோனியா’ என்னும் கிரேக்கச் சொல்லைக் கையாளுகின்றார் (1 கொரி 10:16-17). பங்குகொள்ளல், ஒன்றிப்பு என்பன அதன் பொருளாகும். அப்பம் ஒன்றாயிருப்பதால், அதில் பங்குகொள்ளும் நாம் பலராயினும் ஓருடலாகின்றோம் என்பதே அவருடைய போதனை.

ஆயினும், ஒன்றிப்பின் இப்பந்தியிலேயே கிறிஸ்தவர்கள் பிரிந்து நிற்கின்றனர். தந்தை கத்தோலிக்கராகவும் தாய் மெதடிஸ்த சபையினராகவும் உள்ள இல்லங்கள் நம்மிடையே உண்டு. திருப்பலியில் ஒருவர் பீடத்தை நோக்கிச் செல்ல, மற்றவர் இருக்கையிலேயே தங்கிவிடுகிறார். முதல்நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளை, “அம்மா ஏன் வரவில்லை?” என வினவினால், என்ன விடை பகர்வோம்?

அப்பத்தினதும் இரசத்தினதும் தோற்றம் மாறாதிருக்க, அவற்றின் உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் திருவுடலாகவும் திரு இரத்தமாகவும் மாறுகின்றது என்பது நமது விசுவாசம். 1551ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் இதனைத் தெளிவுற அறிவித்தது. மார்ட்டின் லூதரும் ஆண்டவரின் மெய்யான பிரசன்னத்தை ஏற்றார். ஆனால் அப்பம் அப்பமாகவே நிலைத்திருக்கின்றது என்றார். சுவிங்லியோ அதனை நினைவுகூரும் அடையாளமாகக் கண்டார். 1529இல் மார்பேர்க் நகரில் சந்தித்த இவ்விருவரும், பல உண்மைகளில் இணங்கியும், இந்த ஒன்றில் இணங்காது பிரிந்தனர். மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, திருவிருந்தை இறையருள் பெறும் வழியெனக் கொண்டு, அதில் இடைவிடாது பங்குகொள்ளுமாறு வலியுறுத்தினார். ஆதலால், “அவர்களுக்கு அது வெறும் அப்பமே” என இகழ்ந்துரைப்பது உண்மையுமன்று, அன்புமன்று.

நற்கருணையைப் பெறுகையில் நாம் சொல்லும் ‘ஆமென்’, ஆண்டவரின் பிரசன்னத்தையும் திருச்சபையின் விசுவாசம் முழுவதையும் ஏற்கும் சொல்லாகும். எனவேதான், மரண ஆபத்துப் போன்ற விசேட சூழ்நிலைகளில் உரிய நிபந்தனைகளுடன் அன்றி, பிரிந்த சபையினருக்குத் திருச்சபை பொதுவாக நற்கருணை வழங்குவதில்லை. இது பகைமையன்று, இன்னும் நிறைவுறாத ஒன்றிப்பின் வேதனை. அந்த வேதனையைப் பிள்ளைக்கு மறைக்காது எடுத்துரைப்போம். அம்மாவும் திருமுழுக்கினால் கிறிஸ்துவுக்கு உரியவரே என்பதையும் சேர்த்துரைப்போம்.

அன்பார்ந்தவர்களே, கொரிந்தில் செல்வர் உண்டு களிக்க, வறியோர் பசித்திருந்ததைப் பவுல் வன்மையாகக் கண்டித்தார். ஆண்டவரை உட்கொண்டு வீடு திரும்பும் நாம், சபையின் பெயரால் வாழ்க்கைத் துணையைப் புண்படுத்தினால், அக்கண்டனம் நமக்கும் உரியதே. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக மன்றாடுகின்றோம். அம்மன்றாட்டு நம் வீட்டு உணவு மேசையில் தினமும் தொடரட்டும்.