காரிமங்கலத்தில் போட்ட பணம் எங்கே போகுது?

வங்கி மாநாடுன்னா மும்பை ஹோட்டலும் ஏஐ பேச்சும்தான் ஞாபகம் வரும். நம்ம காரிமங்கலம் வட்டாரத்துக்கும் ஒண்ணு இருக்கு: மூணு மாசத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய வட்டார வங்கியாளர் குழு.

1969-ல் ரிசர்வ் வங்கி முன்னோடி வங்கித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஒரு வங்கி பொறுப்பு. தர்மபுரிக்கு இந்தியன் வங்கி. அதோட முன்னோடி வங்கி மேலாளர் தலைமையில், வட்டாரத்துக் கிளை மேலாளர்களும் பிடிஓவும் உட்கார்ந்து பேசுவாங்க.

அங்கே நான் முதல்ல தேடுறது கடன்-வைப்பு விகிதத்தை. நம்ம ஆளுங்க 100 ரூபாய் போட்டு, 35 ரூபாய்தான் இங்கே கடனா வருதுன்னா விகிதம் 35. மாவட்டத்தில் இது 40-க்குக் கீழே போனா, தனி துணைக்குழு அமைச்சுக் கண்காணிக்கணும். இதுல ஒரு நுணுக்கம்: மாவட்ட அளவில் கடன் எங்கே பயன்படுதுங்கிறது கணக்கில்ல, எந்தக் கிளையில் அனுமதியாச்சுங்கிறதுதான். பெங்களூரு கிளை கொடுத்த கடன்ல இங்கே மாங்கூழ் ஆலை வந்தாலும், அது தர்மபுரி கணக்கில்ல. டேட்டாவோட மல்லுக்கட்டுற எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிச்சது.

அந்தக் கூட்டம் நமக்கில்லை. ஆனா, முன்னோடி வங்கி மேலாளர் மாவட்டத்தின் வெவ்வேறு இடங்கள்ல காலாண்டுக்கு ஒரு பொதுமக்கள் கூட்டமும் நடத்தணும். அதைப் பத்தி யாரும் பேசுறதே இல்ல. கல்விக் கடன் விண்ணப்பம் மாசக்கணக்கா கிடப்புல கிடந்தா அங்கே கேட்கலாம். அடுத்த கூட்டம் எப்போ, எங்கேன்னு தர்மபுரி முன்னோடி வங்கி அலுவலகத்துல விசாரிங்க. போறப்போ விண்ணப்ப நகலும், கொடுத்த தேதிக்கான ஒப்புகைச் சீட்டும் கையில இருக்கட்டும்.