குறுணற் சோறும் தணல் இறைச்சியும்

வியத்நாம் மக்கள் சோற்றைக் 'கொம்' என்பர். உணவு முழுமைக்கும் அவர்களுக்கு அதுவே பெயர். 'சோறு உண்டாயா?' என்று வினவிப் பழகிய நமக்கு இது புதுமையன்று. பிறநாட்டு உணவொன்றைத் தம் அடுப்பில் ஏற்ற விழைவோர், கடைக்குப் போகுமுன் இத்தகைய உறவுகளைத் தேடிப் பார்த்தல் நலம்.

சைகோன் நகரத் தெருக்களிற் புகழ்பெற்ற உணவு, தணலில் வாட்டிய பன்றியிறைச்சியும் 'கொம் தாம்' என்னும் சோறுமாகும். நாம் குறுணல் என்றும் தமிழகத்தார் நொய் என்றும் கூறும் உடைந்த அரிசியே அது. விலைபோகாத குறுணலை ஏழை உழவர் தமக்கென வைத்துக்கொண்டனர். பின்னர் நகரம் அதன் சுவையறிந்து போற்றியது. நம் நாட்டிலோ குறுணல் இன்னும் கஞ்சிக்கும் கோழிக்குமே உரியதாக இருக்கிறது.

இவ்வுணவு தமிழர்க்கு முற்றிலும் அயலானதும் அன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திற் புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்தோர் படைவீரராகவும் அலுவலராகவும் இந்தோசீனம் சென்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சைகோனிற் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். அந்நகரின் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. 1954இல் அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றபோது வியத்நாமிய மனைவியரோடு புதுச்சேரிக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. அவர்தம் சமையற்கட்டு வாயிலாகவே அந்நாட்டுச் சுவை தமிழ் மண்ணில் முதலில் இறங்கியது எனலாம்.

இனி, கலேவெலவிற் சமைப்போர் நிலையைக் காண்போம். குருநாகலிலிருந்து தம்புள்ளை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இவ்வூரைச் சூழ வயல்கள் உண்டு. வெங்காயத் தோட்டங்கள் உண்டு. ஆதலாற் குறுணலுக்கும் வெங்காயத்துக்கும் குறைவில்லை. சிங்களவர் 'சேர' என வழங்கும் எலுமிச்சம்புல், நம் கறிச்சட்டிகளில் ரம்பையோடு என்றோ குடிபுகுந்துவிட்டது. வியத்நாமியர் இதனைச் 'சா' என்பர். அவர்கள் சீனியைக் கருக்கிச் சேர்க்கும் இடத்திற் கித்துள் பாணி அழகாகப் பொருந்தும். நெத்தலியை உப்பிலிட்டு ஓராண்டளவு ஊறவைத்து வடிக்கும் மீன்சாறு ஒன்றே கடையில் வாங்க வேண்டியது. மீனும் உப்புமே அதன் உயிர் என்பதால், மாசியும் கருவாடும் அறிந்த நம் நாவுக்கு அச்சம் வேண்டா.

எஞ்சியிருப்பது இறைச்சி பற்றிய வினா. இதை மழுப்புவது முறையன்று. கலேவெலவிலும் சுற்றூர்களிலும் தமிழ் பேசுவோரிற் பலர் முஸ்லிம்கள். ஒரு வீட்டுத் தணலின் மணம் வேலியோடு நிற்பதில்லை. பன்றியிறைச்சி தமிழர் மரபுக்குப் புறம்பானது என்று வாதிட இடமில்லை. அரிசிமா ஊட்டிக் குழியில் நிறுத்திக் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் ஊனைக் கள்ளோடு பெறும் விருந்தைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. ஆயின் மரபு தரும் உரிமை ஒன்று. அயலாரோடு ஒரே வாழையிலையில் அமரும் விருப்பம் வேறொன்று.

இவ்வினாவுக்கு வியத்நாமே விடை வைத்திருக்கிறது. 'தித் நுவொங்' என்ற பெயருக்குத் தணலில் வாட்டிய இறைச்சி என்பதே பொருள்; பன்றி என்பது வழக்கால் வந்தது. அந்நாட்டிற் சாம் இனத்து முஸ்லிம்கள் வாழ்கின்றனர். சௌ தொக் பகுதியில் அவர்கள் மாட்டிறைச்சிக் குழலடை செய்து தணலில் வாட்டுகின்றனர். அதன் புகழ் அவர்தம் சமூகத்துக்கு வெளியேயும் பரவியுள்ளது. ஆதலின், விருந்தினர் எவரென நோக்கிக் கோழித் தொடையை எலும்பு நீக்கி எடுத்துக்கொண்டால் உணவின் இயல்பு கெடாது. பன்றியிறைச்சி உண்ணும் வீட்டார் தோட்பட்டைப் பகுதியைக் கொழுப்போடு வாங்குக. வறண்ட தொடைத் தசை தணலில் மரக்கட்டையாகிவிடும்.

அரைக்கிலோ இறைச்சியை மெல்லிய துண்டுகளாக அரிக. எலுமிச்சம்புல்லின் வெண்ணிற அடித்தண்டு மூன்று, சின்ன வெங்காயம் ஆறு, வெள்ளைப்பூண்டு நான்கு பற்கள் ஆகியவற்றை இடித்து, மீன்சாறும் பாணியும் இவ்விரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, மிளகுதூளோடு பிசறி இரண்டு மணி நேரம் குளிரில் வைக்க. உப்பு வேண்டா.

குறுணலைக் கழுவி அரைமணி நேரம் ஊறவைத்து, இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் துணி விரித்து ஆவியில் அவிப்பதே சிறப்பு. நீரிட்டுக் காய்ச்சினாற் குழைந்து கஞ்சியாகும். அவிந்ததை அகன்ற தட்டிற் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், பொரிக்கும்போது மணிமணியாக உதிரும். சூடான தாச்சியில் முட்டையை முதலில் உடைத்துக் கலக்கி, அது இறுகுமுன் சோற்றை இடுக. உணவகங்களில் 'பிறைட் றைஸ்' என்று தருவதுபோல் நிறமேற்றும் சாறுகளைக் கொட்டுவது எனக்கு உடன்பாடன்று. வெங்காயத்தாளும் சிறிது மீன்சாறும் போதும்.

சிரட்டைக் கரியை வீட்டுக்கு வெளியே மூட்டி, சுவாலை அடங்கிச் சாம்பல் பூத்த பின்னரே கம்பித்தட்டை வைக்க. பாணி விரைவிற் கருகுமாதலால் அடிக்கடி திருப்புதல் வேண்டும். பன்றியாயினும் கோழியாயினும் நடுவிற் செம்மை எஞ்சக் கூடாது. தேசிக்காய்ச் சாறு, மீன்சாறு, சீனி, நீர், அரிந்த பச்சைமிளகாய் கலந்த தொடுசாறும், வெள்ளரித் துண்டுகளும் அருகில் இருக்கட்டும். இறைச்சி தட்டிலிருந்து இறங்கிய சூட்டிலேயே பரிமாறுக.