குளங்கரைப் பக்கம் – 7: பத்தின் அகலம்

போன வாரம் உங்களைத் தேரூர்க் குளத்தங்கரையில் இருட்டோடு நிறுத்திவிட்டுப் போனேன். இப்போது மணி ஆறேகால். கிழக்கு வெளுத்தாயிற்று. நாங்கள் ஏழு பேர். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர், தோவாளைச் சந்தையில் பூக்கூடை இறக்கிவிட்டு நேரே வந்த ஆட்டோக்காரர், நான்.

இந்தக் குழுவில் சேர விண்ணப்பம் கிடையாது, சந்தா கிடையாது. விடியுமுன் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வாத்தியார் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமாடே?" கேலி என்று நினைத்தேன்.

எனக்கு எண்ணத் தெரியாது என்பது அரை மணி நேரத்தில் வெட்டவெளிச்சமாயிற்று. குளத்தின் நடுவில் நீலச்சிறகிகள். வடக்கே எங்கெங்கோ குஞ்சு பொரித்துவிட்டு குளிருக்கு இங்கே வந்து சேரும் சின்ன வாத்துகள். ஒன்று, இரண்டு என்று முப்பதைத் தொடுமுன் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வேறிடத்தில் உட்கார்ந்தது. நான் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு, வாத்தியார் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவர் வழி வேறு. முதலில் பத்துப் பறவைகளைச் சரியாக எண்ணுவார். அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்வார். பிறகு அந்த அகலத்தையே கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு போவார், களத்தில் மரக்காலால் நெல் அளப்பதைப் போல. கூட்டம் பெரிதானால் பத்து ஐம்பதாகும், நூறாகும். நெருக்கி மிதக்கும் இடத்தில் அகலத்தைச் சுருக்க வேண்டும். அங்கேதான் புதியவர்கள் சறுக்குவோம். உலகமெங்கும் நீர்ப்பறவை எண்ணுகிறவர்களின் முறை இதுதான். கேமராவோடு மட்டும் வருகிறவர்களுக்கு இது அலுத்துப்போகும். இறக்கை விரித்த படம் வேண்டுமென்று கை தட்டிக் கூட்டத்தைக் கலைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்றைய எண்ணிக்கை அதோடு முடிந்தது.

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் கரைமேல் வந்தார். கும்பப்பூ வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவர்.

"என்ன எண்ணுதிய?"

"பறவை, அண்ணாச்சி."

"எண்ணி?"

வாத்தியார் சிரித்தார். நான் பதில் தேடினேன். இன்றுவரை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குக் கைவசம் இருந்தது இதுதான்.

1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய வந்தபோது இந்த நாஞ்சில் நாடும் அந்த சமஸ்தானத்துக்குள்தான் இருந்தது. எந்தெந்தப் பறவை எங்கெங்கே என்று அவர் எழுதிவைத்தார். ஆண்டுதோறும் ஜனவரியில் குளம் குளமாகத் தலை எண்ணும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல்தான் தொடங்கியது. வனத்துறையும் தமிழகம் முழுக்க ஒரே நாட்களில் கணக்கெடுக்கிறது. இங்கே எண்ணிய பறவையை மறுநாள் மணக்குடிக் காயலில் இன்னொருவர் எண்ணிவிடக் கூடாதே. 2015இல் சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்துக் காப்பகமாக அறிவித்தார்கள். 2022இல் சுசீந்திரம்–தேரூர் சதுப்புநிலம், சுமார் 94 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு வேம்பனூரும் ஏறியது. அந்தப் பட்டியலுக்கான ஒன்பது தகுதிகளில் நீர்ப்பறவைகளுக்கான இரண்டு, வெறும் எண்ணிக்கை. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூட வேண்டும், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். ஒரு சதவீதம் என்று சொல்வதற்கு, யாரோ பனியில் நின்று எண்ணியிருக்க வேண்டுமல்லவா?

இதையெல்லாம் நான் சுருக்கிச் சொன்னேன். மம்பட்டிக்காரர் கேட்டுக்கொண்டார். பிறகு குளத்தைக் காட்டி, "போன வருசம் இம்புட்டுத் தாமரை கிடையாது" என்றார். என் ஆண்டுகளையும் ஹெக்டேரையும்விட இந்த ஒரு வரியைத்தான் வாத்தியார் உடனே நோட்டில் குறித்துக்கொண்டார். தாமரை பரவினால் திறந்த தண்ணீர் குறையும். வாத்துகள் வேறு குளம் பார்க்கும். இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் அது கொண்டாட்டம். தாமரைக்கும் மீன்பாசிக்கும் குத்தகை, வயலுக்கு மடை, மழைக்கு மறுகால் என்று குளத்தில் பலருக்கும் பங்கு உண்டு. அது தெரியாமல் வாத்து குறைந்ததென்று மட்டும் எழுதினால், அது பாதிக் கணக்கு.

இலைகளுக்குள் ஏதோ அசைந்தது. "இலைக்கோழியாத்தான் இருக்கும், எழுதிரலாமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நெனச்சத எழுத வேற நோட்டு வாங்கு மக்கா."

தேரூர் கவிமணி பிறந்த ஊர். கவிதையோடு கல்வெட்டும் துருவிப் பார்த்தவர் அவர். தேய்ந்த எழுத்தை ஊகித்து நிரப்பக் கூடாதென்பது போன்ற வாத்தியாரின் பிடிவாதம் கவிமணிக்குப் பிடித்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். (இதை வேறு நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.)

எட்டரைக்கு மூட்டை கட்டினோம். வண்டியை எடுக்கும்போது, வயலுக்குள்ளிருந்து மம்பட்டிக்காரரின் குரல்: "வாத்தியாரே, மடைக்கிட்ட முக்குளிப்பான் ரெண்டு கிடக்கே, சேத்தாச்சா?"

சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை. அண்ணாச்சி சொல்லிவிட்டாரே, எழுதிவிடலாம் என்றேன். வாத்தியார் பதில் சொல்லாமல் கரையேறி நடந்தார். பசியோடு மற்ற ஆறு பேரும் பின்னால் போனோம். மடையருகே ஒரு முக்குளிப்பான் மட்டும் மிதந்தது. நின்றோம். ஆட்டோக்காரர் மணி பார்த்தார். தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து, அதன் நடுவில் இன்னொரு தலை எழும்பியது. அதே நேரம் முதல் தலை உள்ளே போய்விட்டது.

மறுபடியும் நின்றோம்.

(தொடரும்)